மீன் தொட்டியை முழுவதும் இறைத்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த வீட்டுக் குறிப்புகளில், மீன் வளர்ப்போர் மாதம் ஒருமுறை தொட்டி நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, கூழாங்கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் சோப்புத் தூள் போட்டு அலசி, குழாயில் வரும் புதுநீரை நிரப்பி மீன்களைத் திரும்ப விட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. கும்பகோணத்தில் முப்பதாண்டுக்கு மேல் புகைப்பட ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்தவன் நான். ஏறத்தாழ அதே காலமாக மீன் தொட்டியும் வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றும் வீட்டில் மறுநாள் காலை என்ன காட்சி காத்திருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

நிறைய நீரை மாற்றுவதே தவறு என்று நான் வாதிட வரவில்லை. அமேசான் படுகையைச் சேர்ந்த டிஸ்கஸ் மீனை வளர்ப்பவர்களில் பலர் நாள்தோறும் பாதித் தொட்டி நீரை மாற்றுகிறார்கள். மீன்கள் நன்றாகவே இருக்கின்றன. வெளியே போகும் நீருக்கும் உள்ளே வரும் நீருக்கும் வெப்பத்திலும், கரைந்துள்ள உப்பிலும், புளிப்பை முறிக்கும் சக்தியான காரத்தன்மையிலும் வேறுபாடு இல்லாமல் அவர்கள் பார்த்துக்கொள்வதுதான் அதற்குக் காரணம். வரும் நீர் பழைய நீரிலிருந்து வெகுவாக விலகியிருந்தாலும், பத்தில் ஒரு பங்கை மாற்றும்போது அந்த விலகலைத் தொட்டியில் மிஞ்சியிருக்கும் நீர் தாங்கிக்கொள்கிறது; பத்தில் எட்டுப் பங்கை மாற்றும்போது தாங்குவதற்கு நீர் மிஞ்சுவதில்லை. மகாமகக் குளத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இறைப்பதுபோல வீட்டுத் தொட்டியை மாதம்தோறும் இறைக்கச் சொல்லும் குறிப்பு, இந்த விலகலைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதே என் குறை.

நானும் அந்தப் பிழையைச் செய்தவன்தான். என்னுடையது மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட தொட்டி. கணக்குப்படி 190 லிட்டர் பிடிக்க வேண்டும் என்றாலும், கல்லும் மேல் இடைவெளியும் போக 160 லிட்டர் நீர்தான் அதில் நிற்கும். ஓர் ஆண்டு ஐப்பசியில் தொடங்கிய கல்யாண வேலைகள் மாசி வரை விடாமல் இழுத்ததால், ஐந்து மாதம் நான் நீரையே மாற்றவில்லை. வற்றிய அளவுக்கு ஒரு குடம், இரண்டு குடம் என்று ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, ஏஞ்சல் மீன்கள் பதினொன்றும் தெம்பாகத் திரிந்தன. பங்குனி முதல் வாரத்தில் ஓய்வு கிடைத்ததும், இத்தனை நாள் செய்யாமல் விட்டதையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டிவிடும் எண்ணத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீரை இறைத்துவிட்டு, வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினேன். அதில் குளோரின் கிடையாது, வெப்பமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் இரண்டு மணி நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின; விடிவதற்குள் ஒன்பது செத்துவிட்டன. கிணற்றில்தான் ஏதோ கலந்துவிட்டது என்று அப்போது உறுதியாக நம்பினேன். அதே மோட்டாரிலிருந்து நீர் பிடிக்கும் பக்கத்து வீட்டுத் தொட்டியில் ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும் நிதானம் பிறகுதான் வந்தது.

நடந்தது இதுதான். மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியிடுகிறது. ஃபில்டரிலும் கல்லிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலை நடக்க நடக்க நீரின் காரத்தன்மை செலவாகிக்கொண்டே போகிறது. மாதக்கணக்கில் புதுநீர் வராத தொட்டியில் அது தீர்ந்துபோய் நீர் புளிக்கத் தொடங்கும், நீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6 வரை இறங்கும்போது அந்தப் பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடும், அம்மோனியா சேரும். ஆனால் புளித்த நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் அடங்கியிருப்பதால் மீன் சாவதில்லை, பார்ப்பவருக்கும் ஐயம் வருவதில்லை. நம் ஊர் வெப்பமான 28 டிகிரி செல்சியஸில், பி.எச். 6 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.07 சதவீதம்தான் நஞ்சு, பி.எச். 7 என்றால் 0.7 சதவீதம்; பி.எச். 8 என்றால் 6 சதவீதத்துக்கும் மேல். நான் ஊற்றிய கிணற்று நீரின் பி.எச். 8. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு அம்மோனியாதான் தொட்டியில் மிஞ்சியது என்றாலும், அதில் நஞ்சாக மாறிய பகுதி முன்பு இருந்ததைப் போலப் பதினெட்டு மடங்குக்குக் குறையாது. கூடவே உப்பளவும் காரத்தன்மையும் ஒரு மணி நேரத்துக்குள் தலைகீழாக மாறிய அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டது. தண்ணீரைச் சுத்தம் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டு நானே விஷத்தைத் தட்டி எழுப்பியிருக்கிறேன்.

எனவே நீண்ட நாள் கவனிக்காத தொட்டியை வைத்திருப்பவர் எவராக இருந்தாலும், முதல் நாளிலேயே பெருமளவு நீரை மாற்றக் கூடாது. நாளுக்குப் பத்து சதவீதம் என்று இரண்டு வாரம் தொடர்ந்து மாற்றி, தொட்டி நீரையும் புதுநீரையும் அருகருகே சோதித்து, இரண்டும் நெருங்கி வந்துவிட்டன என்று தெரிந்த பிறகே அளவைக் கூட்ட வேண்டும். அவசரமில்லாத தொட்டியில் ஒரே நாளில் முக்கால் பங்கை மாற்ற வேண்டிய தேவையே வராது. நாளுக்கு 30 சதவீதம் வீதம் நான்கு நாள் மாற்றினால் பழைய நீர் 24 சதவீதம்தான் மிஞ்சும். முக்கால் பங்கு மாற்றியதற்கு அது சமம், மீனுக்கோ ஒவ்வொரு நாளும் சிறு அசைவு மட்டுமே. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றும் பழக்கம் உள்ள வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதுமில்லை.

அடுத்தது குழாய் நீர். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். காலராவும் மஞ்சள் காமாலையும் வராமல் காப்பது அதுதான் என்பதால், அதைக் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு தொடர்ந்து இருந்தாலே மீனின் செவுள் வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் கலங்கி வரும் நாட்களில் பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போடுவார்கள், குழாயைத் திறந்ததுமே நெடி அடிக்கும். நெடி தெரியாத நாளிலும் குளோரின் இருக்கும். ஊராட்சி மேல்நிலைத் தொட்டிகளை இயக்குபவர்களிடம் குளோராஸ்கோப் என்ற சிறு சோதனைப் பெட்டி இருக்கும். இரண்டு சொட்டு மருந்தில் நீர் மஞ்சளானால் குளோரின் உண்டு என்று பொருள். அந்த மருந்து நஞ்சு என்பதால் சோதித்த நீரைத் தொட்டியிலோ பாத்திரத்திலோ கொட்டிவிடக் கூடாது.

குளோரினை முறிப்பதற்குக் கடைகளில் வண்ணப் புட்டிகளில் விற்பவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது, இருட்டறையில் நான் ஆயுள் முழுக்கக் கையாண்ட அதே சோடியம் தயோசல்பேட்தான். எங்கள் தொழிலில் அதற்கு ஹைப்போ என்று பெயர். கற்கண்டு போன்ற பளிங்குக் கட்டி. நீரில் போட்டுக் கலக்கினால் பாத்திரம் சில்லென்று குளிரும். 100 கிராம் ஹைப்போவைக் கரைத்து 1 லிட்டர் கரைசலாக வைத்துக்கொண்டால், அதில் 10 மில்லி 100 லிட்டர் குழாய் நீருக்குப் போதும். நெடி கடுமையாக இருக்கும் மழை நாட்களில் இரட்டிப்பாக ஊற்றினாலும் மீனுக்குக் கேடில்லை. கரைசலை மாதம் ஒருமுறை புதிதாகச் செய்துகொள்வது நல்லது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய ஸ்டுடியோக்களில் மிஞ்சிக் கிடக்கும் ‘ரேப்பிட் ஃபிக்ஸர்’ புட்டியையும் சிலர் ஹைப்போ என்றே சொல்லுவார்கள். அதில் இருப்பது அம்மோனியம் தயோசல்பேட். அதை ஊற்றினால் அம்மோனியாவையே அள்ளி ஊற்றியதாகும். அமிலம் கலந்த ‘ஆசிட் ஹைப்போ’ பொட்டலமும் ஆகாது. இரசாயனப் பொருள் விற்கும் கடையில் வெறும் சோடியம் தயோசல்பேட் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

புதுநீரை முதல் நாள் மாலையே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, ஹைப்போ கலந்து, ஏர் பம்பின் கல்லை அதில் போட்டு இரவு முழுவதும் ஓடவிடுவதுதான் என் வழக்கம். இந்த ஒரே வேலையில் குளோரின் போய்விடுகிறது, அறையின் வெப்பத்துக்கு நீர் வந்துவிடுகிறது, பிராணவாயு ஏறிவிடுகிறது. கிணற்று நீருக்கு இது இன்னும் அவசியம். நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறிய நீரில் கரியமில வாயு மிகுந்தும் பிராணவாயு குறைந்தும் இருக்கும். பிடித்த கையோடு அளந்தால் ஒரு பி.எச்., இரவெல்லாம் காற்றோடிய பின் அளந்தால் வேறொரு பி.எச். என்று காட்டும். இரும்பு கலந்த நீரானால் காலையில் டிரம்மின் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருக்கும், மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டிரம்மில் முன்பு பெயின்டோ பூச்சிமருந்தோ வைத்திருந்திருக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

டெல்டா முழுவதும் ஒரே நீர் என்று எண்ணுவதும் பெரும் பிழை. என் தங்கை வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கடல் நீர் உட்புகுந்த பகுதி அது. நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரில் என் வீட்டுக் கிணற்று நீர் 450 காட்டினால், அவள் வீட்டு நீர் 1,900 காட்டும். அந்த நீரில் மோலி மீன் குட்டி போட்டுக் கொழிக்கிறது, ஏனெனில் உப்பைத் தாங்குவது அதன் இயல்பு. என் வீட்டிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த டெட்ரா மீன்கள் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. உடலுக்குள் இருக்கும் உப்பும் வெளியே நீரில் இருக்கும் உப்பும் திடீரென்று மாறுபட்டால் மீனின் செவுளும் சிறுநீரகமும் அந்தச் சுமையை ஓரிரு மணி நேரத்தில் சரிசெய்துவிட முடியாது. பிறகு அவள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் கொள்ளிட நீரைச் சேமித்து, கிணற்று நீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விட்டுப் பழக்கினாள். இதற்குத் தீர்வாக முழுக்க ஆர்.ஓ. நீரை ஊற்றுவோரும் உண்டு. அதில் காரத்தன்மை அறவே இல்லாததால், மேலே சொன்ன புளிப்பு ஐந்து மாதத்துக்குப் பதில் ஐந்து வாரத்திலேயே வந்து நிற்கும்.

வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றி நிரப்பும் பழக்கமும் உப்பைக் கூட்டும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயேதான் தங்கும். கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் வற்றும் தொட்டியில், ஊற்றும் ஒவ்வொரு குடமும் தன் பங்குக்கு உப்பைச் சேர்த்துவிட்டுப் போகிறது.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அக்னி நட்சத்திர வெயிலில் மாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் நீரைப் பிற்பகலில் தொட்டுப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. புதுநீருக்கும் தொட்டி நீருக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானி வைத்துப் பார்ப்பதே முறை. நீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் 7.5தான் கரையும். கோடையில் நீர் மாற்றும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஆடிப்பெருக்கு நாளில் வாய்க்காலில் வரும் புதுநீரைக் குடத்தில் எடுத்துவந்து மீன் தொட்டியில் ஊற்றும் ஆசை பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. மேட்டூரிலிருந்து வரும் வழியெல்லாம் வயல் வடிகாலும் சாக்கடையும் கலந்து வரும் நீரில் பூச்சிமருந்து எச்சமும் ஒட்டுண்ணியும் இருக்கலாம் என்பதால், அந்த ஆசையைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு செம்பு வைப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் மீனுக்கு நல்லது.

சோப்புப் போட்டு அலசும் யோசனைக்கு வருகிறேன். அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட மிகுதியாகக் குடியிருப்பது ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும்தான். நீர் முழுவதையும் மாற்றினாலும் அவை பிழைத்திருக்கும். சோப்பும் குழாய் நீரின் குளோரினும் பட்டால் மடிந்துவிடும். அதன் பின் அவை மறுபடி பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட வேண்டியிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் ஒரு வாளி வைத்துக்கொண்டு, அதிலேயே பஞ்சை இரண்டு முறை பிழிந்தெடுத்தால் போதுமானது. அதையும் பெருமளவு நீர் மாற்றும் அதே நாளில் செய்யாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

பெருமளவு நீரை உடனே மாற்றியே தீர வேண்டிய சமயங்களும் உண்டு. புதிதாக வைத்த தொட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறி மீன்கள் திணறினால், மருந்து அளவு மீறிவிட்டால், பூச்சிமருந்து பட்டுவிட்டால் அன்றே பாதி நீரை மாற்ற வேண்டும். தேவையானால் மறுநாளும் பாதியை மாற்ற வேண்டும். கொசுப் புகை அடிக்க வரும் நாளில் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடிவைக்க வேண்டும், ஏனெனில் புகையில் கலக்கும் மருந்துகளில் பல மீனுக்குக் கொடிய நஞ்சு. அறைக் காற்றை இழுத்து நீருக்குள் விடும் பம்ப் அந்த நஞ்சையும் சேர்த்தே விடும். இத்தகைய அவசரத்தில் இரவெல்லாம் நீரை வைத்திருந்து ஊற்ற நேரமிருக்காது. அப்போது மாற்றும் நீருக்கு மட்டுமல்லாமல் தொட்டியின் முழு அளவுக்கும் கணக்கிட்டு ஹைப்போவைத் தொட்டியிலேயே முதலில் ஊற்றிவிட்டு, குழாய் நீரைச் சிறு ஓஸ் வழியாக மெல்ல நிரப்பலாம். நைட்ரைட் ஏறிய தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு சேர்ப்பதும் உதவும். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.

மீனை விட்டுவிட்டு மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரைக் குறைக்கும் முன் ஃபில்டர், ஹீட்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மார்கழியில் ஹீட்டர் போட்டிருப்பவர்கள் அதை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே நீரை இறக்க வேண்டும், சூடான கண்ணாடிக் குழல் நீருக்கு வெளியே வந்தால் வெடித்துவிடும். பிளக் செருகும் இடம் தொட்டியை விட உயரத்தில் இல்லையென்றால், வயர் ஒரு வளைவாகக் கீழிறங்கி மேலேறும்படி விட வேண்டும். வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. ஓஸைப் பல்லில் கடித்து உறிஞ்சி நீர் இறக்குவதையும் விட்டுவிட வேண்டும். ஓஸ் முழுவதையும் நீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தால் தானாகவே ஓடும். கையில் ஆறாத புண் உள்ளவர்கள் உறை போட்டுக்கொள்வது நல்லது, தொட்டி நீரில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியா தோலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கக்கூடியது.

இறைத்த நீரைச் சாக்கடையில் விட வேண்டாம். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அதைப் போல உரமில்லை. உப்போ மருந்தோ போட்ட நீர் மட்டும் செடிக்கு ஆகாது. வேண்டாத மீனை அந்த நீரோடு சேர்த்து வாய்க்காலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் தென் அமெரிக்க மீன் தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பரவி நாட்டு மீன்களை நெருக்குவது இப்படித் தொடங்கியதுதான்.

நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. இப்படிப்பட்ட குறிப்புகளை வெளியிடும் முன் அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது தங்கள் நாளிதழுக்குக் கடினமான காரியமல்ல. அதற்கு நேரம் பிடிக்கும் என்றால், வரும் ஞாயிறு இணைப்பில் ‘முழு நீரையும்’ என்ற இடத்தில் ‘மூன்றில் ஒரு பங்கு நீரை’ என்றும், ‘சோப்புத் தூள் போட்டு’ என்ற இடத்தில் ‘தொட்டியின் பழைய நீரிலேயே’ என்றும் திருத்தி ஒரு சிறு பெட்டிச் செய்தியாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே நான்கு இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கும்பகோணம்.